வாடை இல்லாத காற்று

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் செல்வத்துக்குக் கை கால் சும்மா இருக்காது. விசைப்படகின் டிரைவர், வருஷத்தில் பத்து மாசம் கடலில் கிடக்கிற மனுஷன் அறுபத்தோரு நாள் வீட்டில் உட்கார்ந்தால் வீடு என்னத்துக்கு ஆகும்? மிக்ஸியைப் பிரித்துப் போடுவார், திரும்ப மாட்டத் தெரியாமல் முழிப்பார். இந்த வருஷம் மிக்ஸியைக் காப்பாற்றவே மகள் ஜோதிகா போனில் தேடி, கொடைக்கானலுக்கும் அப்பால், மலை ஏரிக்கரையில் தனியாக நிற்கும் ஒரு காட்டேஜை மூன்று நாளைக்குப் பிடித்தாள். அடுப்பும் பாத்திரமும் தருவார்கள், சமையல் நம் பாடு.

"நாமளே பொங்கித் துன்றதுக்கு இன்னாத்துக்குடி அம்மாந்தூரம்?" என்று கேட்டாள் அவர் பெண்டாட்டி அங்கம்மா. கேட்டதோடு சரி. ஐஸ் பெட்டியில் வஞ்சிரம் அடுக்கிக்கொண்டு, திருவொற்றியூர்க் குப்பத்திலிருந்து முதல் ஆளாகக் கிளம்பியவளும் அவள்தான்.

மலையில் வண்டியை விட்டு இறங்கியதும் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தாள். "இன்னா காத்துயா இது! ஒரு வாடையும் இல்ல!"

கம்பெனிப் புகைக்கு நடுவே பிறந்து வளர்ந்த மூக்கு அது. அங்கே காற்றை மூக்கால்தான் எடை போடுவார்கள். கெட்ட வாடை அடித்தால் ஜன்னலைச் சாத்த வேண்டும், அடிக்காவிட்டால் நல்ல காற்று. அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை.

செல்வத்துக்கு மட்டும் அந்த நம்பிக்கை பத்தொன்பது வருஷத்துக்கு முன்பே செத்துப்போயிருந்தது. அங்கம்மாவின் ஒரே தம்பி திருமுருகன் அப்போது அவர் படகில்தான் வேலை பார்த்தான். படகின் அடியில் நாலு நாள் மூடிக்கிடந்த மீன் கிடங்கைக் கழுவ இறங்கியவன், ஏணியிலிருந்து அப்படியே கீழே சரிந்தான். தினமும் அடிக்கிற மீன் வாடைதான் அன்றைக்கும் அடித்தது. உள்ளே காற்று கெட்டிருந்தது எந்த மூக்குக்கும் தெரியவில்லை. அவனைத் தூக்கப் பாய்ந்த மூன்று பேரையும் செல்வம் அடித்துப் பிடித்து நிறுத்தினார். மூடிகளை எல்லாம் திறந்து, காற்று மாறும்வரை நின்று, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். பிணத்தைத்தான் தூக்கி வந்தார்.

மூன்று பேர் பிழைத்ததை யாரும் பேசவில்லை. மச்சான் கீழே கிடக்க, மேலே நின்று வேடிக்கை பார்த்தவன் என்றுதான் குப்பம் பேசியது. அங்கம்மா ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தாள். "நீ ஒரு எட்டு எறங்கியிருக்கலாம்." அதற்குப் பிறகு சோறு போட்டாள், சிரித்தாள், சண்டை பிடித்தாள், பிள்ளையை வளர்த்தாள். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் செல்வத்துக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

இரண்டாம் நாள் மத்தியானம் வம்பு மீனில் ஆரம்பித்தது. சமையல் அறையில் வறுத்தால் திரைச்சீலையில் நாற்றம் ஒட்டிக்கொள்ளும் என்றான் காவல்காரன் சுப்பராயன். வராந்தாவில் வறுத்துக்கொள்ளச் சொல்லி, ஒரு இரும்பு அடுப்பும் ஒரு மூட்டை கரியும் கொண்டு வந்து வைத்தான்.

"எங்க ஊரு மீன் இவுங்க திரைக்கு நாறுதாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே அங்கம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். கரி கனிந்து சிவந்தது. "ஆனா நல்ல கரிதான்யா. பொகையும் இல்ல, வாடையும் இல்ல."

செல்வம் அதைக் காதில் வாங்காமல் சுப்பராயனோடு ஏரிக்குக் கிளம்பிவிட்டார். படகுத்துறையில் இருந்த துடுப்புப் படகு ஒன்றில் தண்ணீர் கசிகிறதாம். கசியும் படகைக் கண்டால் அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை எல்லாம் மறந்துபோகும். இருவரும் அதைக் கவிழ்த்துப் போட்டு ஓட்டையைத் தேடும்போதே மழை பிடித்துக்கொண்டது. குளிர்காற்றும் சேர்ந்து அடித்தது. கொட்டகையில் ஒரு மணி நேரம் ஒதுங்கி நின்றுவிட்டு, மழை தூறலானதும் துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார்கள்.

வராந்தாவில் வறுத்த மீன் தட்டுப்போட்டு மூடியிருந்தது. அடுப்பைக் காணோம். சாரலில் நனைந்த தரையில் அது நின்ற இடம் மட்டும் வட்டமாகக் காய்ந்திருந்தது.

செல்வம் நிமிர்ந்து வீட்டைப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தி, கண்ணாடியில் ஆவி பூத்திருந்தது. குப்பத்து வீட்டை என்னதான் சாத்தினாலும் கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும், காற்று பாட்டுக்குப் போய் வரும். இது குளிருக்கென்று இழைத்துக் கட்டிய வீடு. ஓர் எறும்பு நுழைய இடமில்லை. 

"ஜோதி! ஏமே, அங்கம்மா!"

பதில் இல்லை. கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தார். அறை நடுவே அடுப்பு சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. கதவோரம் ஜோதிகா குப்புறக் கிடந்தாள், திறக்கத்தான் வந்திருப்பாள். அடுப்புக்குப் பக்கத்தில் அங்கம்மா சுவரில் சாய்ந்து, தலை தொங்கி உட்கார்ந்திருந்தாள்.

சுப்பராயன் தோளால் இடித்த இடியில் தாழ்ப்பாள் பிய்ந்தது. அவன் உள்ளே பாய்ந்தான். செல்வம் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினார்.

"அய்யா, உள்ள பொம்பளைங்க கிடக்காங்க!"

"தெர்தாயா! நீயும் வுழுந்தா உன்ன யாரு தூக்கறது? பின்னால ஓடு, அத்தினி கண்ணாடியயும் ஒடை!"

துடுப்பை எடுத்து முன்பக்க ஜன்னல்களை அவரே நொறுக்கினார். பின்பக்கமும் கண்ணாடி உடைந்து விழும் சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்து நின்று எண்ணத் தொடங்கினார். ஒன்று. இரண்டு. மகளின் கால் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. ஏழு. எட்டு. பெற்ற பிள்ளை கிடக்க இப்போதும் வெளியே நிற்கிறேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இருவரில் ஒருவர் போனாலும் இந்த எண்ணிக்கைதான் கொன்றது என்று ஆகும். அதற்கப்புறம் அவரும் உயிரோடு இருக்கப்போவதில்லை. பதினைந்து. ஈரக்காற்று குறுக்கே வீசி, உள்ளே திரை அசைந்தது. முப்பது.

மூச்சை அடக்கிக்கொண்டு நுழைந்தார். ஜோதிகாவை இழுத்து வந்து புல்லில் கிடத்தினார். வெளியே நின்று ஒரு மூச்சு வாங்கினார். மறுபடி நுழைந்து அங்கம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். தூறல் முகத்தில் பட்டதும் ஜோதிகா இருமினாள், வாந்தி எடுத்தாள், "நைனா" என்றாள். அங்கம்மா அசையவில்லை. அவள் வாயில் வாய் வைத்து ஊதினார். கன்னத்தில் அறைந்தார், திட்டினார், மறுபடி ஊதினார். எத்தனை தரம் என்று அவருக்கு நினைவில்லை. கடைசியில் அவள் நெஞ்சு தானாக ஒருமுறை ஏறி இறங்கியது.

சுப்பராயன் ஓடிப் பிடித்து வந்த ஜீப் ஆஸ்பத்திரிக்கு வளைந்து வளைந்து இறங்கியது. ஜோதிகா அப்பா தோளில் சாய்ந்திருந்தாள். அங்கம்மாவின் தலை அவர் மடியில். முன் சீட்டில் சுப்பராயன் டிரைவரிடம் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தான். "கதவு திறந்தாச்சு, என்னையும் விடல, இவரும் போகல. வாசல்ல நின்னு முப்பது வரைக்கும் எண்ணுறாரு!"

அவன் வாயைப் பொத்தலாமா என்றிருந்தது செல்வத்துக்கு. மடியில் அங்கம்மா கண்ணைத் திறந்திருந்தாள். கேட்டுவிட்டாள்.

அவள் உதடு அசைந்தது. குனிந்தால்தான் கேட்டது.

"தம்பிக்கு எவ்ளோ எண்ணுன?"

"நூறு."

அவள் தன் தலைமேல் இருந்த அவர் கையைத் தடவிப் பிடித்தாள். அது இன்னும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"அந்த நூறுக்கும் இப்டித்தான் நடுங்குச்சாயா?"

 செல்வம் தலையை ஆட்டினார். அங்கம்மா அந்தக் கையை இரண்டு கையாலும் பற்றித் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரி வந்து, அவளை இறக்க ஆட்கள் கைநீட்டியபோதும் விடவில்லை.