பிரேக்கை மிதித்த கால்

கிரேன் கேபினில் உட்கார்ந்தால் போதும், அவனுக்கு முழங்காலுக்குக் கீழே, எலும்புக்குள்ளேயே எறும்பு ஊரும். எழுந்து நாலு எட்டு வைத்தால் அடங்கும். உட்கார்ந்தால் மறுபடியும் ஊரும். தூக்கத்தில் அவன் உதைக்கிற உதை தாங்காமல் மனைவிதான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"ரத்தத்துல இரும்புச்சத்து கம்மி. மாத்திரை தர்றேன், ஆனா சரியாக நாளாகும். காபியை விடுங்க. உக்காந்து செய்யற வேலைன்னா அப்பப்ப எழுந்து நடங்க," என்றார் டாக்டர்.

"நாள் பூரா இரும்பு தூக்குறவன் உடம்புல இரும்பு இல்லையாம்!" வெளியே வந்து அவனே சிரித்துக்கொண்டான்.

மனைவி சிரிக்கவில்லை. "உக்காந்து செய்யற வேலைன்னதுக்குத் தலையாட்டினீங்களே, எங்க உக்காந்துன்னு ஏன் வாயைத் திறக்கல?"

"சொன்னா அப்புறம் எவன்டி என்னை மேல ஏத்துவான்?"

இன்று கண்ணைச் சொக்கியதால் இரண்டு காபியை ஊற்றிக்கொண்டுதான் ஏறினான்.

கம்பிக்கட்டு பாதி உயரத்தில் தொங்கியது. அந்தப் பழைய கிரேனில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் கட்டு கீழே விழுந்துவிடும்.

வாக்கிடாக்கி கரகரத்தது. "அண்ணே, அப்படியே பிடிங்க. கட்டுக்குக் கீழ ஆளுங்க வேலை செய்யறாங்க. கொஞ்ச நேரம் அசையாம இருங்க."

"சரிப்பா," என்றான்.

பிரேக்கை மிதித்திருந்த காலுக்குள் முதல் எறும்பு ஊர்ந்தது.