கால்வாய் மேல் கிடந்த சேஸ்

எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. தாசில்தார் முத்திரை குத்திய சான்றிதழே இருக்கிறது. இயற்பியல் படித்தேன், லோடு வண்டி ஓட்டுகிறேன். இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் கேட்பவர்கள் ஒரு பெருமூச்சு விட வேண்டும் என்பது செஞ்சியில் எழுதாத சட்டம். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் முதல் பத்திரம் எழுதுகிறவர் வரை எல்லோரும் விட்டு முடித்தாயிற்று. நீங்களும் விட்டுவிட்டால் மேலே சொல்கிறேன்.

வண்டி, எழுபத்தெட்டாம் வருஷத்து ஜீப் பிக்கப். நைனா வாங்கும்போதே அதற்கு வயதாகிவிட்டது. வல்லம் பக்கத்துக் கிராமங்களில் நிலக்கடலை மூட்டை ஏற்றி, எங்கள் வாயில் மல்லாட்டை, செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் கொண்டுபோய் இறக்குவதுதான் அதன் பிழைப்பு. எங்கள் பிழைப்பும் அதுதான். நைனாவுக்கு முட்டி போன பிறகு ஸ்டியரிங் என் கைக்கு வந்தது. பொம்பளை ஓட்டும் வண்டியில் ஏற்றினால் கடலை பதராகிவிடும் என்று நம்பிய பெரிய மனிதர்கள் ஒரு சீசன் பொறுத்துப் பார்த்தார்கள். அடுத்த சீசனில் வேறு வண்டி கிடைக்கவில்லை. அவர்கள் கடலையும் என் வண்டியில்தான் வந்தது. பதராகவில்லை.

இந்தத் தை மாதம் வண்டியின் தகுதிச் சான்றுக்காக ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. காட்டப் போனேன். ஆய்வாளர் குனிந்து டார்ச் அடித்தார். சேஸில் கீறல். என்ஜின், பாடி, மூட்டை, நான் என்று எல்லாவற்றையும் சுமக்கிற இரும்புச் சட்டம்தான் சேஸ். அது பின் சக்கரத்துக்கு மேலே இரண்டு பக்கமும் விட்டிருந்தது. ஒட்டுப்போட்டுக் கொண்டுவந்தால் செல்லாது, சேஸையே மாற்ற வேண்டும், அதே மாடலாக இருக்க வேண்டும், அது யாருடையதோ அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். எழுபத்தெட்டாம் வருஷத்து சேஸை ரேஷனில் பருப்போடு சேர்த்துப் போடுகிறார்கள் போல.

வீட்டில் அம்மா சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு வருத்தப்பட்டாள். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை சொல்லி வைத்திருந்தாள். ஹாஸ்டல், வேன், மூன்று ஷிப்ட், நாள் முழுக்க நின்றுகொண்டே திருகாணி முடுக்குவது. மல்லாட்டை பிடுங்குவதற்குள் வண்டி ரோட்டுக்கு வந்தால் நான் வண்டியோடு, வராவிட்டால் ஒரகடம். நானே ஒப்புக்கொண்ட பேச்சு. கோபத்தில் எதையும் ஒப்புக்கொள்வது என் வழக்கம்.

முதலில் சென்னையில் பழைய வண்டி வைத்திருக்கும் கனவான்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை தொப்பி போட்டுக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்பவர்கள். சேஸ் வேண்டும் என்று கேட்டேன். என் வண்டியின் பழைய ஹாரனை விற்பாயா என்று ஒருவர் கேட்டார். இவ்வளவு அருமையான வண்டியில் மூட்டை ஏற்றுவது பாவம் என்று இன்னொருவர் வருந்தினார். பிக்கப்பில் மூட்டை ஏற்றாமல் பல்லாங்குழியா ஆடுவார்கள் என்று எழுதினேன். குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அடுத்து புதுப்பேட்டை, சென்னையில் பழைய வண்டி உதிரிபாகம் விற்கிற இடம். எங்கள் மெக்கானிக் காலித் பாய் போனிலேயே பேசி முடித்தார். திருவண்ணாமலை ரோட்டில் அவருடைய ஷெட். முப்பது வருஷமாக இந்த வண்டியைப் பார்ப்பதால் அதன் அளவு தலைக்குள் இருக்கிறது, டேப் எதற்கு என்றார். பார்சல் லாரியில் வந்து இறங்கிய சேஸ் எங்களுடையதைவிட ஒரு கை நீளம் குட்டை. ஆள் ஏற்றும் ஜீப்புடையது.

"கொஞ்சம் சின்னது. அவ்ளோதான்," என்றார் பாய்.

"அதுக்கு இன்னா, முன்னாடி ரெண்டு சக்கரம் ரோட்டுல ஓடட்டும், பின்னாடி ரெண்டு காத்துல ஓடட்டும்," என்றார் நைனா.

பாய் ஒரு வாரம் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குள் எங்கள் வண்டியைப் பிரித்துப் போட்டிருந்தார். பாடி ஒரு மூலையில், என்ஜின் ஒரு மூலையில், கீறல் விட்ட சேஸ் நடுவில். பிறகு, குட்டை சேஸ் விவகாரத்தை நாங்கள் மறந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு, ஒரு தகவல் சொன்னார். அதே வருஷம், அதே மாடல் வண்டி ஒன்று பனமலை ஏரிக்குக் கீழே ஓர் ஊரில் ராமகிருஷ்ணன் என்பவருடைய அப்பாவிடம் இருந்தது. பாடி மக்கிப் போய் எடைக்குப் போட்டுவிட்டார்கள். சேஸ் மட்டும் ஏரிக் கால்வாய்க்குக் குறுக்கே பாலமாகக் கிடக்கிறது.

நான், நைனா, பாய் மூவரும் போனோம். ராமகிருஷ்ணன் மோட்டார் கொட்டகை அருகே நாற்காலியில் இருந்தார். எங்களுக்கு நாற்காலி இல்லை, பழக்கம்தான். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"தாராளமா தூக்கினு போம்மா. துட்டுகூட வேணாம். தூக்கற அன்னிக்கே கையெழுத்து போட்டுத் தர்றேன்."

ஊர்த்தெருக்காரர் காலனிப் பெண்ணுக்கு இனாமாக இரும்பு கொடுக்கிறார் என்றால் நான் அங்கேயே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. இயற்பியலில் அந்தப் பாடம் கிடையாது.

கால்வாய்க்கு வந்தோம். சேஸின் மேல் வரிசையாகக் கருங்கல் பலகைகள் போட்டிருந்தார்கள். பாய் இந்த முறை டேப்போடு கீழே இறங்கினார். நீளம் சரி. என்ஜின் உட்காரும் துளைகள் சரி. ஸ்பிரிங் பட்டை பூட்டும் இடம் சரி. அடியில் தார் பூசி வைத்திருந்ததால் துருகூட அதிகமில்லை; சேஸ் நம்பர் தடவிப் பார்த்தால் விரலில் தட்டியது. நான் சேற்றில் நின்றுகொண்டு சிரித்தேன்.

"கீழ இன்னா பண்றீங்க?"

பலகையின் மேல் புல்லுக்கட்டோடு ஒரு பெண் நின்றாள். ஐம்பது வயதிருக்கும். பெயர் தைலம்மாள். இந்தப் பக்கத்துக் காலனிக்காரி. சொன்னேன். அவள் கட்டை இறக்கி வைத்துவிட்டு, கேட்காமலே மிச்சத்தைச் சொன்னாள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் அவர்கள் சுடுகாடு. இந்தப் பாலம் இல்லையென்றால் பிணம் ஊர்த்தெரு வழியாகத்தான் போக வேண்டும். ஒரு தடவை அப்படிப் போனது. பிணத்தோடு போன ஆட்களைவிட அதிகமாகப் போலீஸ் வந்தது. ராமகிருஷ்ணனின் அப்பா அந்த இரும்பைப் பாலமாகப் போடவில்லை, கால்வாய்க் கரையில் வீசியெறிந்தார். காலனி ஆட்கள்தான் தூக்கிக் குறுக்கே வைத்து, கல் சுமந்து, வருஷத்துக்கு ஒருதரம் தார் பூசினார்கள். பாலம் முடிகிற இடத்தில் ராமகிருஷ்ணனின் நிலம் ஆரம்பிக்கிறது. அந்தப் பாலம் அவர் கண்ணில் விழுந்த தூசு.

என்னிடம் உடனே ஒரு விடை தயாராக இருந்தது. படித்தவளாயிற்றே. எங்கள் பழைய சேஸைத் தகடு வைத்து அடித்து இங்கே போட்டுவிடலாம். கீறல் விட்டது ஓடுகிற வண்டிக்குத்தான் ஆபத்து, குலுங்காமல் கிடக்கிற பாலத்துக்கு அது போதும். நின்ற சுமை, ஓடும் சுமை என்று விளக்கவும் செய்தேன்.

தைலம்மாள் பொறுமையாகக் கேட்டாள்.

"உன் வண்டிக்கு ஆவாதது எங்க பொணத்துக்கு ஆவுமா?"

எங்கள் ஊரிலும் காலனிக்கு வருவதெல்லாம் ஊர்த்தெருவில் ஆகாதது என்று தள்ளியதுதான். பள்ளிக்கூட பெஞ்சு, டிரான்ஸ்பார்மர், ஆஸ்பத்திரிக் கட்டில். அதைச் சொல்லிச் சொல்லித்தான் நான் கோபக்காரி என்று பேர் வாங்கினேன். இப்போது நானே ஓர் ஓட்டை இரும்பை எடுத்துக்கொண்டு, விளக்கவுரையோடு வந்து நிற்கிறேன்.

"வந்து பாருக்கா. புடிக்கலன்னா நான் எடுக்க மாட்டேன்," என்றேன். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொல்லிவிட்டேன்.

மறுநாளே தைலம்மாள் ஐந்து பெண்களோடு செஞ்சி பஸ்ஸில் வந்து இறங்கினாள். பாய் கீறல்மேல் தகடு வைத்து அடித்திருந்தார். சேஸை இரண்டு பக்கமும் கல்மேல் தூக்கி வைக்கச் சொன்னார்கள். ஆறு பேரும் ஏறி நின்றார்கள். பிறகு குதித்தார்கள். இது சேஸா ஊஞ்சலா என்று பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். தகடு வெளிப்பக்கம் மட்டும் இருக்கிறது, உள்பக்கமும் வை என்றாள் தைலம்மாள். தேவையே இல்லை என்றார் பாய்.

"உனக்கு தேவையில்ல பாய். நீ இதுல போவப்போறதில்ல," என்றாள்.

பாய் உள்பக்கமும் வைத்தார். அவள் மறுபடி ஏறி நின்று பார்த்துவிட்டு, சரி என்றாள். போகும்போது ஆறு பேருக்கும் டீ வாங்கிக் கொடுக்க வைத்தாள்.

ராமகிருஷ்ணனுக்குப் போன் செய்து, உங்கள் சேஸ் இருந்த இடத்தில் எங்களுடையதை வைத்துவிடுகிறோம் என்று நல்லபிள்ளையாகச் சொன்னேன். அவர் குரலில் இருந்த மலர்ச்சி உதிர்ந்துவிட்டது. அங்கே எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் கையெழுத்து கிடையாது என்றார். அதாவது அவர் எனக்கு சேஸ் கொடுக்கவில்லை. பாலத்தை எடுக்க என்னைக் கூலியில்லாத ஆளாக வைத்திருந்தார்.

வயல்களில் மல்லாட்டைச் செடி மஞ்சள் தட்ட ஆரம்பித்திருந்தது. அம்மா எனக்கு ஒரு பெரிய பை வாங்கி வந்துவிட்டாள். ஒரகடத்துக்கு. நைனா ராமகிருஷ்ணன் மாதிரி ஆட்களின் நிலத்தில்தான் பாதி வாழ்க்கை குனிந்தவர். நமக்கு ஏன் அவர்கள் ஊர் டென்ஷன், விட்டுவிடு என்றார். எதை விட வேண்டும், சேஸையா பாலத்தையா என்று கேட்டேன்.

நான் ராமகிருஷ்ணனுக்கு மறுபடி போன் செய்தேன். நீங்கள் சொன்னபடியே சார், எதுவும் வைக்கவில்லை என்றேன். கல்லூரியில் நேர்மைக்கென்று தனியாக ஒரு பாடம் இருந்தது. அதில் நான் வகுப்பிலேயே முதலாக வந்தவள்.

குறித்த நாளில் ஜேசிபியோடும் டிராக்டரோடும் போனோம். டிராக்டர் டிரெய்லரில் எங்கள் பழைய சேஸ். அது எதற்கு என்று ராமகிருஷ்ணன் கேட்டார். "சாம்பிள் சார், அளவு பாக்கறதுக்கு," என்றேன். புதுப்பேட்டையில் ஏமாந்த கதையை பாய் பக்கத்தில் நின்று உருக்கமாகச் சொன்னார். இந்த ஒரு தடவைதான் அந்தக் குட்டை சேஸ் எங்களுக்கு உபயோகப்பட்டது.

காலனி ஆட்கள் கல்பலகைகளை எடுத்து அடுக்கினார்கள். ஜேசிபி சேஸைத் தூக்கிக் கரையில் வைத்தது. ராமகிருஷ்ணன் வெறுமையாகக் கிடந்த கால்வாயை ஆசை தீரப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நான் காகிதத்தை மடித்து உள்ளே வைத்தேன். ஜேசிபிக்காரரிடம் தலையசைத்தேன்.

எங்கள் சேஸ் டிரெய்லரிலிருந்து எழுந்து கால்வாய்க்குக் குறுக்கே இறங்கியது. பெண்கள் அதற்குள் முதல் கல்லைத் தூக்கிவிட்டார்கள்.

"யாரக் கேட்டு போடற?"

"கால்வா கவர்மென்ட்டுது சார். அவங்க வந்து கேக்கட்டும், சொல்லிக்கிறேன்."

அவர் என்னை விட்டுவிட்டு நைனாவிடம் திரும்பினார். "இன்னா கோவிந்தசாமி, பொண்ண இதுக்கா படிக்க வச்ச?"

நைனா டிரெய்லர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "இதுக்குன்னு வைக்கல. ஆனா படிக்க வச்சேன்," என்றார்.

அவர் ஜென்மத்தில் ஓர் ஊர்த்தெருக்காரரைப் பார்த்துப் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

வண்டி பங்குனியில் எஃப்.சி. ஆனது. ஆய்வாளர் குனிந்து டார்ச் அடித்து, இவ்வளவு நல்ல சேஸை எங்கே பிடித்தீர்கள் என்று ஆச்சரியப்பட்டார். அம்மா அந்தப் பெரிய பையில் துவரை கொட்டி வைத்துவிட்டாள். ராமகிருஷ்ணன் சும்மா இருக்கவில்லை. பனமலைப் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு மூட்டைகூட வரக் கூடாது என்று சொல்லி வைத்தார், வரவில்லை. வல்லம் பக்கம் வருகிறது. கொஞ்சம் குறைவுதான். ஓடுகிறது.

அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு வருவதெல்லாம் தைலம்மாளின் போன்தான். பாலம் ஆடுகிறதாம், கல் விலகியிருக்கிறதாம், தார் யார் பூசுவார்களாம். ஒரு பாலம் போட்டதற்கு என்னை இலாகாவாகவே ஆக்கிவிட்டாள். பாயை இரண்டு தடவை கூட்டிப்போனேன். என்னைத் திட்ட முடியாததையெல்லாம் வழியில் குறுக்கே வந்த மாட்டைத் திட்டுவது போல் திட்டிக்கொண்டு வந்தார்.

சித்திரையில் ஒரு மத்தியானம் கமிட்டி வாசலில் வண்டியோடு வரிசையில் நிற்கும்போது கூப்பிட்டாள். பின்னால் பறைச்சத்தம் கேட்டது. காலனியில் யாரோ பெரியவர் தவறியிருந்தார்.

"தாங்கிச்சி," என்றாள். வைத்துவிட்டாள்.

முன்னால் வரிசை நகர்ந்துவிட்டதை நான் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்து, படிச்ச பொண்ணுக்கு வண்டி எடுக்கத் தெரியாதா என்று கேட்டான். அவனுக்குரிய பதிலைச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது கல் ஆடுகிறதாம்.

"மூட்டை ஏத்தினு இருக்கேன்க்கா."

"ஏத்திட்டு வா," என்றாள்.