இரண்டு பதினாலு

பதினாலாம் பலகையைத் தட்டிச் சேர்த்துவிட்டு அடுத்ததைப் புரட்டினான் மருமகன். அதன் முதுகிலும் பதினாலு என்றுதான் எழுதியிருந்தது.

இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். புதன்கிழமையே பார்த்ததுதான். இருந்தாலும் முழங்காலிட்டவன் அப்படியே இருந்தான்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?" சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள். "மூணு மணிக்கு வண்டி வந்துரும்."

"போட்டுட்டுத்தான் இருக்கேன்."

மாமா இறந்து இன்னும் ஒரு நாள் முழுதாக ஆகவில்லை. நேற்று மதியம் இதே கூடத்தில், இந்தப் பலகை அடுக்கின்மேல்தான் உட்கார்ந்து, "தலை கனமா இருக்கு" என்றார். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது. ஜன்னல் சுவரிலிருந்து பதின்மூன்று பலகை போட்டாகியிருந்தது. வாசல்வரை மீதி வெறும் சிமெண்ட். இரண்டும் சேருமிடத்தில் விரல்கனத்துக்கு ஒரு மேடு.

"ஐஸ் பெட்டியத் தள்ளிட்டு வந்தா அந்த மேட்டுல சக்கரம் மாட்டும்," என்றான் மச்சான் காலையில் வந்ததும். மாமாவின் மூத்த பிள்ளை. நிறுத்தாமல் பேசுவதால் வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். "போட்டதையும் பிரிச்சு மொத்தத்தையும் மாடிக்கு ஏத்திடலாம். சாவு வீட்டுல தரை வேலை பார்த்தாங்கன்னு நாளைக்கு ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்," என்றாள் அவன் தங்கை. "பாதித் தரையில அப்பாவ வைக்க விடமாட்டேன்."

மருமகன் எட்டு மணிக்கு வேலையைத் தொடங்கினான்.

சாண் அகலப் பலகைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் மாமா. "ஒடுக்கமாப் போட்டா கோடு போட்ட நோட்டு மாதிரி இருக்கும், மாப்பிள்ளை. முப்பது வருஷம் கோட்டுக்குள்ளயே எழுதியாச்சு." தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். பலகைகள் வந்த அன்று, ஐந்து நாள் கூடத்திலேயே கிடந்து வீட்டுக் காற்றுக்குப் பழகட்டும், பிறகுதான் போட வேண்டும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டுப் போனார். "மரத்துக்கு அஞ்சு நாள் போதுமாம்," என்றார் மாமா மகளைப் பார்த்து. "உன் வீட்டுக்காரருக்கு ஒன்பது வருஷம் ஆகியும் இன்னும் கூச்சம் போகல."

முப்பது பலகைகளையும் அவரே கிடத்திப் பார்த்தார். ரேகை ரேகையோடு சேர்கிறதா, கணுவும் கணுவும் பக்கத்தில் வராமல் இருக்கிறதா என்று மாற்றி மாற்றி வைத்தார். திருப்தியானதும் ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் எண் போட்டு, போடும் வரிசையிலேயே அடுக்கினார். புதன்கிழமை மருமகன்தான் பார்த்தான்.

"மாமா, பதினாலு ரெண்டு தரம் வருதே."

அவர் இரண்டையும் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாரோ? "ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு," என்றார். இருவரும் சிரித்தார்கள்.

மூளையில் மெதுவாக ரத்தம் கசிந்திருக்கிறது என்றார் நேற்று ஆஸ்பத்திரியில் டாக்டர். ஒரு வாரமாகக்கூட இருக்கலாம். "இந்த நாலஞ்சு நாள்ல பேச்சுல, நடத்தையில ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?"

"இல்லயே, தெளிவா இருந்தார்," என்று சொல்லிவிட்டு மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவனும் தலையாட்டினான்.

எதற்குத் தலையாட்டினோம்? அவன் லிஃப்ட் மெக்கானிக். எது எப்போது பழுதானது என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பதுதான் அவன் வேலை. சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டே அப்படிப் போய்ப் பார்த்தான். ஒரு எண்ணை இரண்டு தரம் எழுதுவது யாருக்கும் வரக்கூடியதுதான். மாமா பேசுவதில் பாதி விளையாட்டு. இந்தப் பலகையில் நாக்கு ஒரு பக்கம், பள்ளம் மறுபக்கம். நாக்கைப் பள்ளத்தில் நுழைத்துத் தட்டினால் சேர்ந்துகொள்ளும். முதல் நாளே அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "இதுக்கு ஒரு பக்கம்தான் நாக்கு, நம்ம ரேடியோவுக்கு நாலு பக்கமும்," என்றவர். அப்படிப்பட்ட மனிதர் இரண்டு பதினாலுக்கு ஒரு ஜோக் சொல்லமாட்டாரா?

இரண்டாவது பதினாலைப் போட்டான். பதினைந்து, பதினாறு, பதினேழு. மனம் கொஞ்சம் இறங்கியது. ஒன்றுதான், ஒரே ஒரு தவறுதான். இருபத்தொன்றுவரை சரியாக வந்தது. அடுத்து பன்னிரண்டு. பன்னிரண்டு ஏற்கெனவே ஜன்னல் பக்கம் தரையில் கிடந்தது. அதற்கடுத்த பலகையில் எண்ணே இல்லை. எழுத ஆரம்பித்து விட்டுவிட்ட ஒரு கோடு மட்டும்.

வரிசை கலைந்துவிட்டதோ என்று பன்னிரண்டை இருபத்தொன்றோடு சேர்த்து வைத்துப் பார்த்தான். ரேகை தண்ணீர்போல் ஒன்றிலிருந்து மற்றதற்கு ஓடியது. அடுக்கு சரி, எண்தான் தவறு. கண்ணுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியாமல் போகுமா? அப்படி ஒரு வியாதி உண்டா? அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

எண்ணைவிட அவனை அதிகம் குழப்பியது வியாழக்கிழமை. ஒன்பது வருஷமாக, "மாப்பிள்ளை, வாங்க," "மாப்பிள்ளை, சாப்பிடுங்க" தான். வியாழக்கிழமை குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவர் தலை நிமிராமல், "தம்பி, அந்தப் பென்சில எடு," என்றார். எடுங்க என்றுகூட இல்லை. எடு. அவன் எடுத்துக்கொடுத்தான். அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. இரவு சாப்பிடும்போது மனைவியிடம் சொல்லவும் செய்தான். "அடேங்கப்பா, ஒருவழியா எங்கப்பா உங்களக் குடும்பத்துல சேர்த்துட்டாரு," என்று சிரித்தாள்.

இன்று யோசித்தால், அவர் யாரைக் கூப்பிட்டார்?

பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தார். "துக்க வீட்டுல என்னங்க தட்டுற சத்தம்?"

"எங்கப்பாதான் ஆரம்பிச்சு வச்சாரு. போய் அவரையே கேளுங்க," என்று கத்திய ரேடியோ, தான் சொன்னது தன் காதில் விழுந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து அழுதான். வந்ததிலிருந்து அப்போதுதான் அவன் அழுதான்.

இரண்டு மணிக்குக் கடைசிப் பலகை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்த மனைவி, "குடுங்க, ஒரு முனைய நான் புடிக்கிறேன்," என்றாள். வேண்டாம் என்று அவன் சொல்வதற்குள் தூக்கிவிட்டாள். பலகையின் முதுகு அவள் பக்கம் இருந்தது.

முப்பது இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இலக்கம் எழுதியிருந்தது. ஏதோ ஒரு ஊரின் தபால் எண். எழுதி, அடியில் அழுத்தமாகக் கோடும் போட்டிருந்தார்.

அவள் படித்தாள். உதடு அசைந்து ஒவ்வொரு இலக்கமாகப் படித்தது. அவன் பலகையின் மறுமுனையைப் பிடித்தபடி நின்றான். இப்போது சொல்லிவிடலாம். 'புதன்கிழமையே எனக்கு' என்று ஆரம்பித்தால் போதும், மீதி தானாக வந்துவிடும். வாயைத் திறந்தான்.

"நாக்கு எந்தப் பக்கம் வரணும்?" என்று கேட்டாள் அவள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"கேக்குறேன்ல. எந்தப் பக்கம்?"

"உன் பக்கம்."

பலகையைத் திருப்பி, எழுத்து கீழே போகும்படி இறக்கினார்கள். அவள் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள், அவன் தட்டினான்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. சக்கரம் எங்கும் மாட்டவில்லை. வாசலிலிருந்து ஜன்னல்வரை சின்னச் சத்தம்கூட இல்லாமல் பெட்டி உருண்டு போனது. ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மாமாவின் அக்கா மூச்சு வாங்க உள்ளே வந்து, "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தான்?" என்று எல்லாரையும் கேட்டாள். ரேடியோ தங்கையைப் பார்த்தான். அவள் தன் கணவனைப் பார்க்கவில்லை.

"நல்லாத்தான் இருந்தாரு, அத்தை," என்றாள். "எல்லாப் பலகைக்கும் அவரேதான் நம்பர் போட்டாரு."

மருமகன் கூட்டத்தைவிட்டு நகர்ந்தான். ஜன்னல் சுவரிலிருந்து மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்து பதினாலில் நின்றான். இடதுகால் அதிலும் வலதுகால் அடுத்ததிலும் இருந்தன. எது அவருடையது, எது தனக்கு?

"தம்பி."

சட்டென்று திரும்பினான்.

மாமாவோடு வேலை பார்த்த யாரோ ஒரு வயதானவர். கழற்றிய செருப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, நிலைப்படிக்கு வெளியிலேயே தயங்கி நின்றார்.

"புதுத்தரை மாதிரி இருக்கே. கால் வைக்கலாமா?"