நாடி பார்த்த போலி வாட்ச்

மூன்றாம் கட்டில் கண்டக்டரின் மணிக்கட்டைப் பிடித்தபடி, தன் இடது கையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாள் நர்ஸ். முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த மனிதர், இப்போது இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் மாத்திரை சாப்பிடுகிறார். அந்த மாத்திரைக்கு ஒரு கண்டிப்பு உண்டு. கொடுக்கும் முன் ஒரு முழு நிமிடம் நாடியை எண்ண வேண்டும். அறுபதுக்குக் கீழே போனால் கொடுக்கவே கூடாது.

அறுபத்தொன்று வந்தது. சார்ட்டில் எழுதினாள். நேற்று அறுபத்திரண்டு, முந்தாநாள் அறுபத்துமூன்று. எட்டே கட்டில் உள்ள அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் காலை வேலை முழுவதும் அவள் பொறுப்பு.

மாத்திரையைக் கையில் எடுத்தபோது கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இது வேணுமா சிஸ்டர்? ரெண்டு நாளா ஒரே குமட்டல். உங்க வெள்ளை டிரெஸ்கூட மஞ்சளாத் தெரியுது."

"நேத்தே சொன்னாரும்மா" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி. "லைட்டு அப்படின்னு சொல்லிட்டீங்க."

நர்ஸ் மாத்திரையைக் கீழே வைத்தாள். குமட்டலும் மஞ்சளும் அந்த மாத்திரை உடம்பில் மிஞ்சிப்போனதற்கு அடையாளம் என்று படிக்கிற காலத்திலேயே மனப்பாடம் செய்தவள் அவள். ஆனால் நாடி அறுபத்தொன்று என்கிறதே. கண் தானாகத் தன் கையில் கட்டியிருந்த வாட்சுக்குப் போனது.

அவளுடைய பழைய வாட்ச் நன்றாகத்தான் ஓடியது. வார் மட்டும் அறுந்திருந்தது. புது வார் வாங்கப் போனில் தேடியவளுக்கு, பெரிய கம்பெனி வாட்ச் ஒன்று அடிமாட்டு விலைக்குக் கண்ணில் பட்டது. 'ஃபர்ஸ்ட் காப்பி, அசலே தோத்துடும்' என்று போட்டிருந்தது. போலி என்று அவளுக்குத் தெரியும். எவன் கண்டுபிடிக்கப் போகிறான் என்றுதான் வாங்கினாள். கூட வேலை செய்கிறவர்கள் வாயைப் பிளந்தபோது, "அண்ணன் வெளிநாட்டுல இருந்து அனுப்பினான்" என்று வேறு அளந்துவிட்டாள். அவளுக்கு அண்ணனே கிடையாது.

மூன்றாம் நாளே அது பின்தங்க ஆரம்பித்தது. விற்றவனுக்குச் செய்தி அனுப்பினாள். "புதுசு மேடம், ஓட ஓட செட்டாயிடும்" என்றான். திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னாள். கூரியர் செலவு என்று இன்னும் கொஞ்சம் கறந்துகொண்டு, ஆளே கம்பி நீட்டிவிட்டான். நம்பரையும் பிளாக் செய்துவிட்டான். போலீசுக்குப் போகலாம் என்றால், போலி வாங்கினேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? விட்ட ஜம்பத்தால் கழற்றவும் முடியவில்லை. தினமும் காலையில் போனைப் பார்த்து முள்ளைத் திருப்பி வைத்துக்கொள்வாள், அத்தோடு சரி. மணி தப்பினால் நிமிடமும் தப்பும் என்கிற சின்ன விஷயம், இத்தனை படித்தவள் புத்திக்கு எட்டவில்லை.

வார்டுக்குள் போன் கூடாது. சுவர்க் கடிகாரத்தில் நொடி முள் இல்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் ஓடினாள்.

"அக்கா, உங்க வாட்சைக் கொஞ்சம் குடுங்க."

"இதையா? பிளாஸ்டிக்கும்மா இது" என்று சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தாள் அவள்.

நர்ஸ் மறுபடி நாடியைப் பிடித்தாள். பிளாஸ்டிக் வாட்ச் ஒரு நிமிடம் முடித்தபோது எண்ணிக்கை ஐம்பது. இரண்டையும் ஒன்றாகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். படுக்க வைத்தால் ஒழுங்காக ஓடும் அந்தத் தங்க முள், கையை நிமிர்த்தினால் மேலே ஏறத் திணறியது. அது ஒரு சுற்று முடிக்க எழுபத்துமூன்று நொடி ஆயிற்று. இரண்டு நாளாகக் கொடுக்கக் கூடாத மாத்திரையைக் கொடுத்திருக்கிறாள்.

டாக்டர் உள்ளே வந்தார். சார்ட்டைப் பார்த்துவிட்டு அவரே ஒரு தடவை நாடி பார்த்தார். முகம் மாறியது.

"அறுபதுக்கு மேலயே இருந்திருக்கு, இப்ப ஐம்பதா? திடீர்னு இப்படி இறங்கினா இதயத்துலயே கோளாறா இருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம். நெஞ்சுக்குள்ள மெஷின் வைக்க வேண்டி வரும்."

கண்டக்டரின் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நர்ஸ் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வேலை தப்பிவிடும். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இவள் சம்பளத்தை நம்பித்தான் படிக்கின்றன. ஆனால் அந்த மனுஷனின் நெஞ்சைக் கீற வேறு ஒருவர் கத்தி எடுக்கப் போகிறாரே.

"டாக்டர், திடீர்னு இறங்கல. நான் எழுதினது எல்லாமே தப்பு. என் வாட்ச் போலி, மெதுவா ஓடுது. மஞ்சளாத் தெரியுதுன்னு இவர் நேத்தே சொன்னார், நான் காதுல வாங்கல. இதுக்கு மாத்திரைதான் காரணம்."

டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, ரத்தப் பரிசோதனைக்கும் ஈசிஜிக்கும் எழுதினார். மாலைக்குள் நாடி ஐம்பத்தெட்டு, மறுநாள் அறுபத்தைந்து. மெஷின் தேவைப்படவில்லை. நர்ஸுக்கு ஒரு மாதம் சஸ்பென்ஷன்.

பையை எடுத்துக்கொண்டு போகும்போது, கூட வேலை செய்த சின்ன நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தத் திருட்டுப் பயல் மேல புகார் குடுங்கக்கா. உங்களை இப்படி ஏமாத்திட்டானே."

"குடுக்கத்தான் போறேன்" என்றாள் அவள். "ஆனா அவன் போலின்னு சொல்லித்தான் வித்தான். தெரிஞ்சேதான் வாங்கினேன். என்னை மாதிரி ஊரை ஏமாத்த ஆசைப்படறவங்க இருக்கிற வரைக்கும் அவன் கடையை மூட மாட்டான். போலியை வாங்கினா நம்ம காசுதான் போகும்னு நினைச்சேன்டி. போகப் பார்த்தது அந்த மனுஷன் உயிரு."