தெற்கு பார்த்த பலகை

இசக்கியம்மா டெஸ்டரை முந்தானையால் துடைத்து என் கையில் வைத்தாள். கூடவே சமுதாயக் கூடத்து மாடிச் சாவியையும். "நீங்களே பாத்துக்கிடுங்க டீச்சர். எனக்குப் பீடித்தட்டு போதும்" என்று படியிறங்கிப் போனாள். கீழே ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நான் அவளைத் திரும்பக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை.

பேட்டையில் நான் நடத்திய ஆறு மாத சோலார் பயிற்சிக்கு, களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்திலிருந்து வந்தவள் அவள். படிப்பு எட்டாம் வகுப்பு. முதல் வாரம் ஒயரைத் தொடவே பயந்தாள். கடைசி மாதம் மற்றவர்கள் கொடுத்த இணைப்பில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். ஊரில் கேலியாக 'இஞ்சினியரம்மா' என்று ஆரம்பித்தவர்கள், தெருவிளக்கு எரிந்ததும் அதையே மரியாதையாகச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பீடி சுற்றும் தட்டைப் பரணில் போட்டுவிட்டதாக அவள் சொன்ன அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏதோ நானே சாதித்துவிட்டது போல.

வைகாசியில் சமுதாயக் கூடத்து மாடியில் சோலார் பலகைகளைப் பொருத்தும்போதே அவள் கேட்டாள். "டீச்சர், ஐப்பசி பொறக்கப் போவுதுன்னா இங்கன நாலு மணிக்கே மல வெயில மறைச்சிரும். கொஞ்சம் கெழக்க திருப்பி வைப்பமா?"

தெற்கு பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்று பாடம் நடத்தியவள் நான். எனக்கே பாடம் எடுக்கிறாளே என்று சுருக்கென்றது. "புக்குல அப்படியா போட்டிருக்கு?" என்றேன்.

"இல்ல டீச்சர்." ஸ்பானரை எடுத்துக்கொண்டாள். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

ஆயுத பூசை கழிந்து இரண்டு நாளில், விளக்கெல்லாம் எட்டு மணிக்கே அணைந்துவிடுவதாகப் போன் வந்தது. போய் மாடியேறினால், நான்கு பலகையிலும் வரிசையாகச் சந்தனம், குங்குமம். வருசா வருசம் பீடித்தட்டுக்கும் கத்தரிக்கும் பொட்டு வைத்தவள், இந்த வருசம் இவற்றுக்கு வைத்திருக்கிறாள். இதெல்லாம் பிறகு யோசித்தது. அப்போது, வெயிலை மறைப்பது இந்தப் பொட்டுதான் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. "இது என்ன அம்மிக்கல்லா, பொட்டு வைக்க? இதுக்கா ஆறு மாசம் படிச்ச?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அதற்குத்தான் டெஸ்டரைத் துடைத்துக் கொடுத்தாள்.

சந்தனத்தை நானே கழுவினேன். அன்றைக்கும் எட்டு மணிக்கே அணைந்தது.

மறுநாள் மத்தியானம் மாடியிலேயே உட்கார்ந்து பார்த்தேன். நாலு மணி ஆகவில்லை, மலையின் நிழல் முதல் பலகையில் ஏறியது. கால் மணி நேரத்தில் நான்கையும் மூடிவிட்டது. நேராக அவள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் பீடி இலை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னதுதான் சரி, இசக்கியம்மா. தப்பு என் மேலதான். வந்து திருப்பி வச்சுக் குடு."

கத்தரி நிற்கவில்லை. "நேத்து சத்தம் கேட்டு வந்தவுகள்லாம் இன்னிக்கு எங்க டீச்சர்?"

ஸ்பானரோடு நானே மாடியேறினேன். வகுப்பில் படம் போட்டுக் காட்டியதோடு சரி, கூரையில் ஒரு நட்டைக்கூட நான் கழற்றியதில்லை. அவள் முடுக்கிய நட்டு அசையவே இல்லை. மூச்சு வாங்க நிமிர்ந்தபோது அவள் முற்றம் தெரிந்தது. மலை நிழல் அங்கேயும் வந்திருந்தது. இசக்கியம்மா தலை நிமிராமல் தட்டைத் தூக்கிக்கொண்டு, வெயில் இன்னும் மிச்சமிருந்த கிழக்கு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.