முப்பது சட்டைகள்

"இந்த ஊரில் யாரெல்லாம் புகைபிடிக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள்" என்று சுகாதார ஊழியரான எஸ்னாத் மூன்றாவது முறையாகக் கேட்டாள். மாமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்திகூட அசையவில்லை. கசுங்கு என்ற ஊர்ப் பக்கத்துப் புகையிலை எஸ்டேட் குடிகள் அவர்கள். புகையிலை நடுவதும் ஒடிப்பதும் கட்டித் தொங்கவிடுவதுமாக நாள் முழுக்க அதோடுதான் கிடப்பார்கள். ஊதுகிற பழக்கம் மட்டும் கிடையாது.

அவர்களைப் பிடிக்கிற வியாதியே வேறு. மழைநாளில் ஈர இலையை ஒடித்தால் சாறு தோல் வழியே உடம்பில் ஏறும். தலை சுற்றும், குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி வரும். அதைச் சொல்ல ஒரு விளக்கப்படம் வேண்டும் என்று எஸ்னாத் மாவட்ட ஆபீசில் கேட்டுப் பார்த்தாள். "அது நம்ம திட்டத்துல இல்லம்மா. முப்பது பேரு சிகரெட்டை விடணும், அதை மட்டும் பாரு" என்றார் அதிகாரி. முப்பது தேறாவிட்டால் அடுத்த மாதம் அவளுக்கு வேலை இல்லை.

தங்கையின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து அக்கா ஃபைனேசிதான் ஆறு மாத வயிற்றோடு எழுந்தாள். "நான் ஊதுறேன். காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. எழுதிக்கோடி."

"அடிப்பாவி, புகை பட்டாலே இருமுறவ நீ!" என்று ஒருத்தி கத்த, கூட்டம் குலுங்கிச் சிரித்தது. "விடுறவங்களுக்குச் சட்டை தர்றாங்களாமே, என் பேரையும் போடு" என்றாள் இன்னொருத்தி. கைகள் மளமளவென்று உயர்ந்தன. விதிப்படி ஒவ்வொருத்தியின் ஆஸ்பத்திரி நோட்டிலும் எஸ்னாத் சிவப்பு மையில் எழுதினாள்: 'புகைபிடிப்பவர். விடுவதாக உறுதி.' முப்பது வெள்ளைச் சட்டைகள், 'புகையிலையை விட்டொழிப்போம்' என்ற எழுத்தோடு, அன்றே தீர்ந்தன.

முழுக்கை வைத்த கெட்டித் துணி. இலை ஈரம் உடம்பில் படாது என்று நம்பி ஃபைனேசி அதைப் போட்டுக்கொண்டுதான் மழையில் இலை ஒடித்தாள். சட்டையோ ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டுக் காலை முழுக்க வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. எஸ்னாத் ஓடிவந்தபோது அக்கா வரப்பில் சுருண்டு, நடுங்கிக்கொண்டு, வெறும் பித்தநீரைக் கக்கிக்கொண்டிருந்தாள். சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நர்ஸ் ஈரச் சட்டையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் போட்டுவிட்டு, மரக்குழலை வயிற்றில் வைத்து வெகுநேரம் கேட்டாள். "பிள்ளையோட துடிப்பு ரொம்ப மெதுவா இருக்கு."

மருத்துவர் நோட்டைப் புரட்டினார். சிவப்பு வரியில் விரல் நின்றது. இலைச்சாறு ஏறிய நோய் என்று அவர் சீட்டு எழுதினால், பிள்ளை பெறும்வரை வயலுக்கு வராமலிருக்க எஸ்டேட்டில் அது செல்லும். எஸ்னாத்துக்கு அது தெரியும். அக்கா புகைபிடிப்பதே இல்லை என்ற ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தோடு முப்பது நோட்டின் பொய்யும் வெளியே வந்துவிடும். எஸ்னாத் தன் கையால் எழுதிய அந்தச் சிவப்பு வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வயித்துல பிள்ளையை வெச்சுக்கிட்டு ஊதுறியே, நீயெல்லாம் ஒரு தாயா?" என்றார் மருத்துவர்.

ஃபைனேசி தங்கையைப் பார்த்தாள். பிறகு, உலர்ந்த உதட்டை நக்கிக்கொண்டு, "விட்டுட்டேன்யா" என்றாள். "சட்டைகூடக் குடுத்தாங்க."

மருத்துவர் எழுதத் தொடங்கினார். ஜன்னல் கம்பியிலிருந்து பழுப்புத் தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எஸ்னாத் வாயைத் திறந்தாள்.