சௌந்தரம் டீச்சர் இழுத்த இழுப்பு

சௌந்தரம் டீச்சரைக் கெட்டவர் என்று சிதம்பரத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு தனியார் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்குப் பாடம் எடுப்பவர். வேலை கேட்டு வருகிறவர்களை ஒரு வாரம் வகுப்பெடுக்க விட்டுப் பார்த்துவிட்டு, தாளாளர் அவரைத்தான் கூப்பிட்டுக் கேட்பார். முப்பது ஆசிரியர்களில் காலனியிலிருந்து வந்தவர் ஒருவர்கூட இல்லை. அது ஏதோ தானாக அமைந்துவிட்டதுபோல எல்லோரும் இருந்தார்கள்.

2009 ஜூனில் குடிகாட்டிலிருந்து பிரிசில்லா வந்தாள். எம்.எஸ்ஸி., பி.எட். பின்னம் என்றாலே மிரளும் ஏழாம் வகுப்பை மூன்றே நாளில் நான் நீ என்று கையைத் தூக்க வைத்துவிட்டாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த சௌந்தரத்துக்கே பொறாமையாக இருந்தது. மறுநாள் சாப்பாட்டு வேளையில் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"குடிகாட்டுல எந்தப் பக்கம்மா?"

"காலனி டீச்சர்." அவள் ஒளிக்கவில்லை. குழம்புக் கிண்ணத்தை நீட்டினாள்.

"வயிறு சரியில்லம்மா" என்றார் சௌந்தரம். வயிற்றுக்கு ஒரு கேடும் இல்லை.

சனிக்கிழமை தாளாளர் கேட்டார். "எப்டி டீச்சர், பொண்ணு? நம்ம ஸ்டாஃபோட ஒத்துப்போவுமா?"

அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் இருக்க சௌந்தரம் ஒன்றும் பச்சைக்குழந்தை இல்லை.

"கிளாஸெல்லாம் நல்லாத்தான் எடுக்குது சார்... ஆனா..." என்று இழுத்தார்.

"சரி, புரிஞ்சிது." தாளாளர் ஃபைலை மூடிவிட்டார்.

பாவி மனுஷி, ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, நான் தப்பாக எதுவும் சொல்லவில்லையே என்று தேற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். தேறினால்தானே! ஏழாம் வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்த மாதம் பஸ் ஸ்டாண்டில் பிரிசில்லாவே எதிரே வந்து நின்றாள். கையில் விண்ணப்பம்.

"டீச்சர், கடலூர்ல ஒரு ஸ்கூலுக்குப் போடுறேன். நான் பாடம் எடுத்ததப் பாத்தவங்க பேரும் போன் நம்பரும் கேக்குறாங்க. ஒங்க பேரப் போட்டுக்குறேன்."

சௌந்தரம் அவசரமாகக் கையை ஆட்டினார். "என் பேரு வேணாம்மா. அன்னிக்கி சார் கேட்டப்ப, நான்தான்..."

"தெரியும் டீச்சர். ஆபீஸ் அக்கா அன்னிக்கே சொல்லிட்டாங்க."

"அப்பறம் ஏம்மா எங்கிட்ட வந்த?"

"ஒங்களத் தவிர என் கிளாஸ்ல யாரு வந்து ஒக்காந்தா?" குரலில் கோபம்கூட இல்லை. "இவுங்களும் போன்ல அதையேதான் கேப்பாங்க. இந்த வாட்டியாவது முழுசா பேசுங்க. நம்பர் சொல்லுங்க."

அத்தனை பேர் நடுவில் சௌந்தரம் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். பிரிசில்லா எழுதிக்கொண்டாள்.